முகவரி யாருடையது?

இணையதளம் அமைத்துக் கொடுப்பதும் ஒரு தொழிலா என்று வினவுவோர் எங்கள் மணிமங்கலத்தில் இன்றும் இருக்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. மளிகைக் கடையில் பணம் கொடுத்தால் பொட்டலம் கைக்கு வருகிறது. தச்சரிடம் கொடுத்தால் கதவு வருகிறது. என்னிடம் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுப்பவரோ வெறுங்கையுடன்தான் வீடு திரும்புகிறார். "எங்கே அது?" என்று இல்லத்தரசி கேட்டால் கைப்பேசியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. கைப்பேசியில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்ற காலத்தில், இதற்கு மட்டும் எதற்குப் பணம் என்ற ஐயம் எழுவது இயற்கையே.

இத்தொழிலைக் கொண்டுதான் பல ஆண்டுகளாக என் குடும்பம் உண்டு உடுத்தி வருகிறது. அதற்கு முன்பு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு இவையே அன்றைய வருமானம். பில் புத்தகம் அச்சிட வந்த பட்டறைக்காரர் ஒருவர், "இதே மாதிரி கம்ப்யூட்டரிலும் ஒரு பக்கம் போட்டுத் தர முடியுமா? கம்பெனியில் கேட்கிறார்கள்" என்று சொன்னதிலிருந்து இது தொடங்கிற்று. இன்று என் மனைவி கணக்குப் பார்க்கிறாள். கல்லூரியில் பயிலும் மகள் மாலை வேளைகளில் படங்களைச் சரிசெய்து தருகிறாள். மூன்று பேர், இரண்டு கணினிகள், ஓர் இன்வெர்ட்டர். அவ்வளவே எங்கள் நிறுவனம்.

இதை இங்கே எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. வாசகர்களுள் பலருடைய பிள்ளைகள் இத்தொழிலைக் கற்று வருகின்றனர். வேறு பலர் தங்கள் கடைக்கோ, பள்ளிக்கோ, பட்டறைக்கோ இப்படியொரு தளத்தை விலைக்கு வாங்கியிருப்பர். விற்பவரும் வாங்குபவரும் பேசாமலே விட்டுவிடும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதற்கு வருமுன் எங்கள் பக்கத்து வியாபாரம் எப்படி நடக்கிறதென்று சொல்லிவிடுகிறேன்.

மணிமங்கலம் பழைய ஊர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதனைக் குறிப்பிடுகிறது. என் இளமையில் பெரிய ஏரியும் அதன் கீழ் நெல்வயல்களும் பழங்கோயில்களுமாக அமைதியுடன் இருந்த ஊர். பிறகு நாலாபுறமும் தொழிற்சாலைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. பெரிய ஆலைக்குப் பாகம் செய்து தருபவர் ஒருவர், அவருக்குச் செய்து தருபவர் இன்னொருவர், அந்த இன்னொருவருக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் என்று படிப்படியாக இறங்கி வந்தால், கடைசிப் படியில் தகரக் கொட்டகைக்குள் இரண்டு லேத்துகளுடன் நிற்பவரே என் வாடிக்கையாளர்.

அவரிடம் தளம் விற்பது எளிதன்று. காலை பத்து மணிக்குப் போனால் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், பேச முடியாது. மதியம் போனால் சரக்கு ஏற்றும் வண்டி வந்து நிற்கும். மாலை தேநீர் வேளைதான் உகந்த நேரம். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கையிலுள்ள எண்ணெயைத் துணியில் துடைத்தபடியே அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "தம்பி, எனக்கு இருப்பதே ஒரே ஒரு கஸ்டமர். அவர்களுக்கு என் வீட்டு வழியே தெரியும். எனக்கு எதற்கு வெப்சைட்டு?"

இக்கேள்விக்கு நான் சொந்தமாக விடை எதையும் தயாரிக்கவில்லை; வட்டாரத்தின் வரலாறே விடை தந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை, இந்தியாவில் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக 2021 செப்டம்பரில் வந்த அறிவிப்பின்படி 2022இல் நின்றது. ஆலையில் வேலை செய்தவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வாலைகளுக்கு அட்டைப்பெட்டி தைத்தவர், உணவு சமைத்து அனுப்பியவர், ஆட்களை ஏற்றிச் செல்ல வேன் ஓட்டியவர் ஆகியோரைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. ஒரே வாடிக்கையாளர் என்பது ஒரே கிணறு போன்றது. இரண்டாவது கிணறு வெட்டுவதற்குத் தண்ணீர் வற்றும் வரை காத்திருக்கலாகாது என்று நான் சொல்வேன். சிலர் ஏற்பர், சிலர் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவர்.

பெரிய நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகள் புதிய பட்டறையைத் தேடும்போது முதலில் கணினியில்தான் தேடுகிறார்கள். நேரில் வருவதற்கு முன் அவர்களுக்குத் தெரிய வேண்டியவை சில. என்னென்ன எந்திரங்கள் உள்ளன? எவ்வளவு நீளத் தண்டைக் கடைய முடியும்? எத்தனை மைக்ரான் துல்லியம்? தரச் சான்றிதழ் உண்டா? லாரி உள்ளே திரும்புமா? இவற்றுக்கு விடையளிக்கும் பக்கம் எளிமையாக இருந்தாலும் போதும். ஆனால் பட்டறைக்காரர் கேட்பது வேறு. கோட்டு அணிந்த வெள்ளைக்காரர் இருவர் கைகுலுக்கும் படம் வேண்டும் என்பார். நீல நிற ஒளியில் இயந்திர மனிதன் ஒன்று நிற்க வேண்டும் என்பார். அவருடைய கொட்டகையில் இயந்திர மனிதனும் இல்லை, கோட்டும் இல்லை. "அண்ணே, உங்கள் லேத்தையே படம் எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை துடைத்து வையுங்கள்" என்று நான் சொன்னால் முகம் சுருங்கிவிடும். எடுத்துக் காட்டிய பிறகு மலரும். சொந்த எந்திரத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்த மகிழ்ச்சி அது.

'எங்களைப் பற்றி' என்ற பக்கம் எழுதுவதற்காகக் கேட்கும்போதுதான் கதைகள் வெளிவரும். முதல் லேத்தை வாங்க மனைவியின் சங்கிலியை அடகு வைத்தது, கோயம்புத்தூரிலிருந்து பழைய எந்திரத்தை லாரியில் ஏற்றி இரவெல்லாம் அதன்மேல் உட்கார்ந்து வந்தது என்று ஒரு மணி நேரம் சொல்வார். இறுதியில், "இதையெல்லாம் போட்டுவிடாதே, தம்பி. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று போடு" என்பார். அவ்வாறே போட்டிருக்கிறேன், பல தளங்களில்.

மொழி விஷயத்திலும் சிறு போராட்டம் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் போதும் என்பதே எல்லாருடைய எண்ணமும். கொள்முதல் அதிகாரிக்கு ஆங்கிலம் சரி. ஆனால் பட்டறைக்கு வேலையாள் கிடைப்பதே பெரும்பாடாக உள்ள நாளில், தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடும் ஓர் இளைஞர் தமிழில்தான் தேடுகிறார். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் பாடுபட்டுத் தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றினர். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், 'ஆட்கள் தேவை' என்னும் ஒரு பக்கத்தையாவது தமிழில் போடுங்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. போட்டவர்களுக்கு ஆள் வந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

விற்கப்படுவது பக்கமா, அதன் வழியே வரும் விசாரணையா என்பதில் தெளிவு வேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். வாயிலாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டே தினேஷ் அகர்வால் என்பவர் அமெரிக்காவில் பார்த்துவந்த வேலையை விட்டு வந்து இந்தியாமார்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சிறு ஏற்றுமதியாளர்களுக்குப் பக்கங்கள் அமைத்துக் கொடுத்தார். அந்த ஏற்றுமதியாளர்களுள் பெரும்பாலோரிடம் கணினியே கிடையாது. வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் வரும் விசாரணையைத் தாளில் எடுத்து, ஃபேக்ஸ் மூலமும் தபால் மூலமும் அவர்களுக்கு அனுப்பி வைத்தார்களாம். எனக்கு இச்செய்தி மிகவும் பிடிக்கும். தன் பக்கத்தைத் தானே பார்க்க வழியில்லாதவரும் பணம் கொடுத்தார் என்றால், அவர் வாங்கியது பக்கத்தை அன்று. ஃபேக்ஸில் வந்த அந்தத் தாளை.

இந்த இடத்தில்தான் பொய்யும் நுழைகிறது. "கூகுளில் உங்களை முதல் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம், உத்தரவாதம்" என்று தொலைபேசியில் விற்பவர்கள் ஏராளம். அப்படி ஒருவராலும் உத்தரவாதம் தர இயலாது என்று அந்த நிறுவனமே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. நான் அதை எடுத்துக் காட்டுவேன். "அவன் தருகிறேன் என்கிறான், நீ முடியாது என்கிறாயே" என்று என்னையே ஏளனமாகப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் அந்தப் பக்கமே போனார்கள்.

விலை பற்றி ஒரு சொல். என் விலை பதினெட்டாயிரம். மூவாயிரத்துக்குச் செய்து தரும் இளைஞர்கள் உள்ளனர். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் இரண்டு வரி சொன்னால் அரை மணியில் ஒரு தளம் எழுந்து நிற்கிறது. இதை நான் வெறுக்கவில்லை. என் மகள் அதைப் பயன்படுத்துகிறாள், எழுத்துப்பிழைகூட இருப்பதில்லை. ஒரு பட்டறைக்காரருடைய மகன் அவ்வாறு தானே ஒரு தளம் செய்துகொண்டான். அழகாகவே இருந்தது. அதில் 'இருபத்தைந்து ஆண்டு அனுபவம், ஐந்நூறு வாடிக்கையாளர்கள்' என்று கண்டிருந்தது. பட்டறைக்கு வயது ஒன்பது, வாடிக்கையாளர் நால்வர். கருவியிடம் அந்த எண்களை யாரும் சொல்லவில்லை, அதுவாகவே போட்டுக்கொண்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஐந்நூறு பேரின் பட்டியலைக் கேட்டபோதுதான் தகப்பனார் அந்தப் பக்கத்தை முதன்முதலாகப் படித்தார்.

பாதிப் பணம் முன்பணமாக வந்துவிடும். மீதிப் பாதியை வாங்குவதே தொழில். ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகம் போனால் 45 நாள், எழுதாவிட்டால் 15 நாள், அதற்குள் சிறு தொழில்முனைவோருக்குப் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் முதல், கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. உத்யம் பதிவு இலவசம். இத்தொழிலைத் தொடங்கும் பிள்ளைகள் அதைச் செய்துகொள்வது நல்லது. பெரிய நிறுவனத்திடம் அந்தப் பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டுக் கொடுத்தால் பணம் சற்று விரைவாக வருகிறது. ஆனால் பட்டறைக்காரரிடம் கூட்டுவட்டி கேட்க எனக்கு நா எழுவதில்லை. அவருக்கு வரவேண்டியதே மேலே எங்கோ நின்றுகொண்டிருக்கும். அவர் வண்டியை ஏரிக்கரையில் பார்த்தால் நான் கையசைப்பேன். அவர் வேறு பக்கம் பார்ப்பார். அடுத்த வாரம் பாதியில் பாதி வரும்.

இனி, முன்னே சொன்ன அந்த விஷயத்துக்கு வருகிறேன். தளத்துக்கு ஒரு பெயர் உண்டு, டொமைன் என்பர். அதை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம். ஓராண்டு முதல் பத்தாண்டு வரை எடுக்கலாம். ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் நெடுநாள் விட்டுவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும். உலகில் எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஹாட்மெயில் அஞ்சலைப் பலரால் திறக்க முடியவில்லை. அதற்குத் துணையாயிருந்த ஒரு பெயரின் வாடகை, 35 டாலர், கட்டப்படாமல் விடுபட்டிருந்தது. அமெரிக்க நிரலாளர் ஒருவர் கிறிஸ்துமஸ் அன்று தம் பணத்திலிருந்தே அதைக் கட்டிச் சரிசெய்தார்.

அந்தப் பெயர் யார் பேரில் பதிவாகிறது என்பதே கேள்வி. தளம் செய்து தருபவர் தம் கணக்கிலேயே பதிந்துகொண்டால் வேலை எளிது, வாடிக்கையாளருக்கும் தொல்லையில்லை. பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். எல்லாரும் தீய எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலகையிலும், பில்லிலும், வண்டியின் கதவிலும் எழுதப்பட்ட முகவரி, சட்டப்படி வேறொருவருடைய கணக்கில் கிடக்கிறது. இலவசமாகப் பெற்ற முகவரியும் அப்படியே. கூகுளில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு அந்நிறுவனம் இலவசத் தளம் ஒன்று கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அத்தளங்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. எங்கள் ஊர்த் தையற்கடை ஒன்று அந்த முகவரியைப் பைகளில் எல்லாம் அச்சடித்திருந்தது.

நான் தொடக்கத்திலிருந்து வாடிக்கையாளர் பேரிலேயே பெயரைப் பதிந்து, கணக்கின் சாவிச்சொல், கெடு தேதி, பணம் கட்ட வேண்டிய இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறேன். டி.டி.பி. காலத்துப் பழக்கம் இது. பில் புத்தகம் அச்சிட்டவன் பிளேட்டைத் தானே வைத்துக்கொண்டு மிரட்டக் கூடாது என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அச்சகத்துப் பெரியவர் சொல்வார். என் மைத்துனனுக்கு இது பிடிக்காது. அவனும் இதே தொழிலில் இருப்பவன். "மாமா, சாவி உங்கள் கையில் இருக்கும்வரைக்கும்தான் அவன் உங்களைத் தேடி வருவான். கொடுத்துவிட்டால் டாட்டா காட்டிவிட்டுப் போய்விடுவான்" என்பான்.

அவன் சொன்னது பொய்யன்று. அட்டைப்பெட்டி செய்யும் ஒருவருக்கு ஆறாண்டு வேலை செய்தேன். அவருடைய மகன் படிப்பு முடித்து வந்தான். ஒரு மாலையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய் அனைத்தையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டான். எனக்கு ஒரு தொலைபேசிகூட வரவில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அது. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணைக்கு நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த வரவு. என் மனைவி கணக்குப் புத்தகத்தில் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, வேறு எங்கே பிடிக்கலாம் என்று பார்த்தாள். மைத்துனன் சொன்னதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அடுக்களையில் பாத்திரங்கள் சற்று அதிகமாகவே ஓசையிட்டன. அவர் திரும்பி வரவுமில்லை.

ஆயினும் வழக்கத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. 2022இல் ஓர் அம்மையார் என் கடைக்கு வந்தபின் மாற்றும் எண்ணமே அற்றுப்போயிற்று.

அவருடைய கணவர் ஒரகடம் சாலையில் சி.என்.சி. பட்டறை நடத்தியவர், 2021 மே மாதத் தொற்றில் காலமானார். பட்டறையை மூடிவிடும்படி உறவினர் கூறினர். அம்மையார் மூடவில்லை. எந்திரத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தது. ஆறு பேர் வேலை செய்தனர். ஒரே மகள் கடைசியாண்டுப் படிப்பில் இருந்தாள். அவருக்கு எந்திரம் தெரியாது, கணக்குத் தெரியும். தளத்தில் கணவரின் கைப்பேசி எண் இருக்கிறது, அதை எடுத்துவிட்டுத் தம் எண்ணைப் போட வேண்டும் என்பதற்காகவே வந்தார். கணவர் போனபின் அந்த எண்ணுக்குப் பணம் கட்டாமல் விட்டதால் அது நின்று, பின்னர் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது. "நானே போட்டுப் பார்த்தேன், தம்பி. யாரோ ஒரு பையன் எடுத்து ராங் நம்பர் என்கிறான். அவனைத் திட்டவும் முடியாதே" என்றார். எத்தனை கம்பெனிகள் அந்த இளைஞனிடம் விலை விசாரித்து வைத்திருக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் தளத்துக்குள் நுழைய வழியில்லை. எட்டாண்டுக்கு முன் நகரத்தைச் சேர்ந்த ஒருவர் செய்து கொடுத்தது. பெயரும் அஞ்சலும் எல்லாமே அவர் கணக்கில். கெடு முடிய ஏழு வாரம் இருந்தது. அவருடைய பழைய எண்ணுக்குப் பேசினால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் எடுத்தார். தாம் அத்தொழிலை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகவும், பெயர் வேண்டுமானால் நாற்பதாயிரம் ஆகும் என்றும் கூறினார்.

சட்ட வழி இல்லாமலில்லை. டாட் காம் பெயர்களுக்கு 1999 முதலே உலகளாவிய வழக்குத் தீர்ப்பு முறை உள்ளது. ஜெனிவாவிலுள்ள அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் முறையிடலாம். ஒரே ஒரு நடுவர் விசாரிப்பதற்கே கட்டணம் 1,500 டாலர். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, "அதற்கு இன்னொரு லேத்துக்கு முன்பணம் கட்டிவிடலாமே" என்றார். பெயரை விட்டுவிட்டுப் புதுப்பெயர் எடுக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். மூன்று கம்பெனிகளின் பதிவேட்டில் பழைய மின்னஞ்சல்தான் இருந்தது. ஆர்டர் அதற்குத்தான் வரும். நாளைக்கு வேறொருவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டால் ஆர்டர் அவருக்குப் போகும். அன்றியும், "அவர் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்து வைத்த பேர், தம்பி" என்றார்.

மறுநாள் ஒரு பழைய கோப்புடன் வந்தார். கணவர் எதையும் தூக்கி எறியாதவர். 2014ஆம் ஆண்டுப் பில் அதில் இருந்தது: டொமைன், ஹோஸ்டிங், டிசைன் சேர்த்து ரூ. 15,000. அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிப்புக்கென்று வங்கியிலிருந்து போன தொகைகளையும் பாஸ்புக்கில் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தார். நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தாமே தொலைபேசியை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, டொமைன் என்று பில்லில் எழுதி என் வீட்டுக்காரரிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள். வருஷா வருஷம் அவர் கட்டியதும் என்னிடம் இருக்கிறது. கடைசி இரண்டு வருஷம் நாங்கள் கட்டவில்லை. அதை நீங்கள் கையிலிருந்து கட்டியிருக்கிறீர்கள், அது எங்கள் கடன். எவ்வளவு என்று சொல்லுங்கள், இப்போதே அனுப்புகிறேன்" என்றார். மறுமுனையில் நீண்ட அமைதி. அந்த மனிதர் கொடியவர் அல்லர். தொழில் நொடித்துப்போய், நாற்பது ஐம்பது பெயர்களின் சாவிகளோடு ஒரு வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்; அவற்றை என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும் ஒரு நாள் அந்நிலை வரலாம். அல்லது நானே போய்விடலாம். என் வாடிக்கையாளர்களுள் எவரும் அன்று என் மனைவியின் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

நாலாயிரத்துச் சொச்சம் என்று அவர் தொகை சொன்னார். அம்மையார் ஐயாயிரமாக அனுப்பினார். மாற்றுவதற்கான குறிச்சொல் அன்றிரவே குறுஞ்செய்தியில் வந்து சேர்ந்தது. ஆறாம் நாள் பெயர் கைமாறியது. யார் பேரில் பதிய என்று கேட்டேன். சற்று யோசித்தார். தம் பேரிலும் வேண்டாம், திருமணமாகிப் போகும் மகள் பேரிலும் வேண்டாம், பட்டறையின் பேரில் இருக்கட்டும். நினைவூட்டல் கடிதம் மட்டும் இருவருக்கும் வரட்டும் என்றார். கெடு முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் கட்டாயம் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. இறந்துபோனவரின் அஞ்சலுக்கு அக்கடிதம் வந்து என்ன பயன் என்று அவர் கேட்டது சரிதானே? சாவிச்சொல் எழுதிய தாளைப் பத்திரமாக வைக்கச் சொன்னபோது, அதை வங்கிக் கடன் பத்திரமும் நிலத்துப் பட்டாவும் உள்ள இரும்புப் பெட்டியிலேயே வைத்துவிட்டதாகப் பின்னர் மகள் சொன்னாள்.

வாசகர்கள் தங்கள் வீட்டிலோ கடையிலோ இப்படியொரு தளம் இருந்தால், அது யார் பேரில் பதிவாகியிருக்கிறது, நினைவூட்டல் யாருடைய அஞ்சலுக்கு வருகிறது, ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போகிறது என்று இன்று மாலையே கேட்டுப் பார்க்கலாம். செய்து கொடுத்தவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். என்னிடம் கேட்டால் நான் சுளிக்க மாட்டேன். என் மைத்துனன் சற்றே சுளிப்பான், ஆனால் சொல்லிவிடுவான்.

அம்மையாருக்குப் பக்கத்தில் எண்ணை மாற்றிக் கொடுத்தேன். அந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டார். ஐந்து நிமிட வேலைக்கு என்ன வாங்குவது என்றேன். "அப்படியானால் பில் புத்தகம் பத்து போட்டுக் கொடு. மூன்று காப்பி வருகிற மாதிரி. நம்பரை மட்டும் கொஞ்சம் பெரிசாகப் போடு, தம்பி" என்று முன்பணத்தை மேசைமேல் வைத்தார். பழைய பில் புத்தகம் ஒன்றை மாதிரிக்காக விட்டுச் சென்றார். கணவரின் எண்ணை அதில் அவர் அடிக்கவில்லை; அதன் கீழே தம் எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார்.